கல்வேலியும் காசநோயும்

மலையகத்திலிருந்து நெடுந்தீவு வெகுதூரம். குறிகட்டுவானில் படகேறித்தான் போகவேண்டும். ஆனாலும் அங்குள்ள கல்வேலியை வைத்தே இந்தப் பாடத்தைச் சொல்லலாமென்று நினைக்கிறோம். முருகைக் கல்லை அடுக்கிக் கட்டிய வேலி, சாந்து கிடையாது. ஒரு கல் கழன்றால் பக்கத்துக் கல்லும் சரியும்.

நம் நெஞ்சுக்குள்ளும் அப்படியொரு வேலி உண்டு. காசநோய்க் கிருமி மூச்சோடு உள்ளே போனால், சுவாசப்பையிலுள்ள காவல் அணுக்கள் அதை விழுங்கிவிடும். மற்றக் கிருமிகள் பல அதோடு செத்துப்போகும். இதுவோ விழுங்கிய அணுவுக்குள்ளேயே உயிரோடிருக்கும் பொல்லாத சாதி! அப்போது இரத்தத்திலிருந்து வேறு வெள்ளை அணுக்கள் வந்து, கிருமியைச் சுற்றி நெருங்கி நின்று மறிக்கும். பலருக்கு ஆயுள் முழுதும் கிருமி அங்கேயே அடைபட்டுக் கிடக்கும். நோயும் வராது, பிறருக்குத் தொற்றவும் செய்யாது.

சாப்பாட்டுக் குறை, நீரிழிவு, சிகரெட், குடி இவற்றால் உடம்பு தளர்ந்தால் வேலி சரியலாம். காவல் அணுக்கள் போடும் சண்டையிலேயே சுவாசப்பை அரித்துக் குழி விழும். இருமலோடு கிருமி வெளியேறி, அதே காம்பராவில் படுக்கும் பிள்ளைக்கும் போகும்.

"இருமல்தானே, போயிரும்" என்று இருந்துவிடாதீர்கள். இரண்டு கிழமைக்கு மேல் இருமினால் சளியைச் சோதிக்கவேண்டும். அரசாங்க மார்புநோய்ச் சிகிச்சை நிலையத்தில் மருந்து இலவசம். வழக்கமாக ஆறு மாதம் எடுக்கவேண்டும். இரண்டாம் மாதத்தில் இருமல் நின்றதும் குளிசையை நிறுத்துகிறவர்களைப் பற்றித்தான் நமக்குக் கவலை. மிஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறலாம். கடல் கொந்தளித்துப் படகு ஓடாவிட்டாலும் தீவில் இருப்பவர் குளிசையை விடக்கூடாது. நமக்கு மலை இறங்குவதுதான் பாடு. அதுவும் முடியாதென்றால், பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே மருந்து எடுக்க ஒழுங்கு செய்யும்படி கேளுங்கள்.