ரிமோட் ஒர்க் விசா: டிப்ளமோ மாணவர்களுக்கு ஒரு விளக்கம்



கேம்பஸ் இன்டர்வியூ சீசன் வந்துவிட்டால் கேன்டீனில் இரண்டே பேச்சுதான். எந்தக் கம்பெனி வருது என்பது ஒன்று, வெளிநாடு இன்னொன்று. இப்போது மூன்றாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. "ஒரு லேப்டாப் இருந்தாப் போதும்டா, தாய்லாந்துல உட்கார்ந்துக்கிட்டே வேலை பார்க்கலாம், அதுக்குன்னே விசா இருக்கு." இது பாதி உண்மை. மீதிப் பாதி தெரியாமல் கிளம்பினால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் விசா என்பது என்ன கேட்கிறது என்று நம்ம ஊரை வைத்தே பார்த்துவிடுவோம்.

தினமும் காலையில் போடியிலிருந்து ஜீப்புகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறுகின்றன. பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் இறங்கி வருகிறார்கள். வீடும் ரேஷன் கார்டும் தமிழ்நாட்டில், வேலையும் கூலியும் கேரளத்தில். யாரும் எதற்கு என்று கேட்பதில்லை, ஏனென்றால் இந்தியாவுக்குள் எங்கும் போகலாம், எங்கும் தங்கலாம், எந்தத் தொழிலும் செய்யலாம் என்று அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவு உரிமை கொடுத்திருக்கிறது. ஆனால் 2020இல் கொரோனா வந்தபோது இதே மெட்டில் இ-பாஸ் கேட்டார்கள். எதுக்குப் போறே, யார்கிட்ட வேலை, எத்தனை நாள் இருப்பே, எப்ப திரும்புவே? பாஸ் இல்லாதவர்கள் கீழேயே நின்றுவிட்டார்கள். தோட்டம் அதேதான், ரோடும் அதேதான், நடுவில் ஒரு காகிதம் வந்துவிட்டது. அந்தக் காகிதத்தைப் பெரிதாக்கினால் அதுதான் விசா.

ஜீப்பில் போகிறவர் வேலை இருக்கும் இடத்துக்குப் போகிறார். ரிமோட் ஒர்க் இதற்கு நேர் எதிர். இதற்கும் உதாரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் ஏலம் போடியிலும் இடுக்கி மாவட்டம் புற்றடியிலும் கம்ப்யூட்டர் வழியாக நடக்கிறது. 2021இல் இரண்டு மையங்களையும் நெட் வழியாக இணைத்தார்கள். புற்றடி ஏலத்துக்குப் போடியில் உட்கார்ந்தே விலை கேட்கலாம். ஆள் இங்கே, சரக்கு அங்கே. இடையில் மாநில எல்லைக்குப் பதிலாக நாட்டு எல்லை இருந்தால்தான் சிக்கலே வருகிறது. இங்கே உட்கார்ந்து அங்கே வேலை செய்தால், வேலை நடந்தது எந்த நாட்டில்?

சட்டம் பொதுவாகச் சொல்லும் பதில், உடம்பு எங்கே இருக்கிறதோ அங்கே என்பதுதான். சம்பளம் சென்னை பேங்க்கில் விழுந்தாலும் நீங்கள் பாங்காக்கில் உட்கார்ந்து கோடு எழுதினால் பாங்காக்கில் வேலை செய்ததாகத்தான் கணக்கு. சுற்றுலா விசாவில் போய் லேப்டாப்பைத் திறக்கிறவர்களைப் பல ஊர்களில் கண்டும் காணாமல் விட்டுவிடுகிறார்கள் என்பது வேறு விஷயம். கண்டும் காணாமல் விடுவது அனுமதி ஆகாது. பிரச்சினை என்று வந்தால் கையில் காட்ட எதுவும் இருக்காது.

2020 வரை இரண்டே வழிதான் இருந்தது: சுற்றிப் பார்க்க ஒரு விசா, உள்ளூர்க் கம்பெனியில் வேலை செய்ய இன்னொரு விசா. கொரோனாவில் டூரிஸ்ட் வரத்து நின்றதும் பல நாடுகள் யோசித்தன. வெளிநாட்டில் சம்பாதிக்கிறவன் இங்கே வந்து வாடகையும் சாப்பாட்டுச் செலவும் செய்தால் நல்லதுதானே, உள்ளூர் ஆள் வேலையும் போகாது! 2020 ஜூலையில் பார்படாஸ், ஆகஸ்ட்டில் எஸ்டோனியா, அக்டோபரில் துபாய் என்று வரிசையாகத் திறந்தார்கள். 2022இல் மலேசியா 'டிஇ ராந்தாவ்' என்ற பெயரில் கொண்டுவந்தது. 2024 ஜூலையில் தாய்லாந்தின் 'டிடிவி' வந்தது.

ஒரே ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள். இந்த விசா வேலை கொடுப்பதில்லை, ஏற்கெனவே வேலை இருக்கிறவனுக்குத் தங்க இடம் கொடுக்கிறது. அதனால்தான் எல்லா நாடும் கிட்டத்தட்ட ஒரே காகிதங்களைக் கேட்கின்றன: வெளிநாட்டுக் கம்பெனியின் கடிதம், சம்பளச் சான்று, பேங்க் ஸ்டேட்மென்ட், பெரும்பாலும் மருத்துவ இன்ஷூரன்ஸ். உள்ளூர்க் கம்பெனியில் வேலை செய்யக் கூடாது என்பதும் சேர்ந்தே வரும்.

தொகைகளைப் பார்த்தால் தலை சுற்றும். பார்படாஸ் ஆண்டுக்கு 50,000 டாலர் வருமானம் கேட்டது. டிஇ ராந்தாவ் திட்டத்தில் ஐ.டி. துறையினருக்கு ஆண்டுக்கு 24,000 டாலர், அதாவது மாதம் 2,000 டாலர் என்று வைத்தார்கள். துபாய் மாதம் 3,500 டாலர். டிடிவி-க்கு 5 லட்சம் பாட் கையிருப்பு காட்ட வேண்டும், வயது 20 ஆகியிருக்க வேண்டும். ஐந்து வருட விசா என்றாலும் ஒரு தடவைக்கு 180 நாள்தான். ஜப்பான் 2024இல் ஒரு கோடி யென் ஆண்டு வருமானம் கேட்டு ஆறு மாத விசா கொண்டுவந்தது. அதில் விண்ணப்பிக்கத் தகுதியான நாடுகளின் பட்டியலில் இந்தியாவே இல்லை. நம் பக்கம் திரும்பினால், 2019இல் திருத்திய அப்ரண்டிஸ் விதிப்படி டிப்ளமோ முடித்தவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 8,000 ரூபாய் என்று வைத்தார்கள். இடைவெளி எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்கள். படிப்பு முடித்த கையோடு எடுக்கும் விசா இல்லை இது, சில வருட அனுபவத்துக்குப் பிறகு வருவது.

அதற்காக டிப்ளமோகாரனுக்குக் கதவே கிடையாது என்று நான் சொல்லவில்லை. 2022 டிசம்பரில் ஸ்பெயின் போட்ட சட்டத்தில் பட்டம் இல்லாவிட்டாலும் மூன்று வருட வேலை அனுபவம் போதும். அந்த நாட்டுக் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல் இரண்டு மடங்கு வருமானமும் வேண்டும். கம்ப்யூட்டர் பசங்களுக்கு டெஸ்டிங், சிவிலுக்கும் மெக்கானிக்கலுக்கும் கேட் டிராஃப்டிங் என்று தூரத்திலிருந்து செய்யக்கூடிய வேலைகள் நம் சிலபஸிலேயே இருக்கின்றன. (லேத் மெஷினை மட்டும் தூக்கிக்கொண்டு போக முடியாது, மெக்கானிக்கல் நண்பர்கள் கோபிக்க வேண்டாம்.)

இனி அந்த மீதிப் பாதி. 2022 செப்டம்பர் 24 அன்று நம் வெளியுறவுத் துறை ஓர் எச்சரிக்கை விட்டது. 'டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ்' என்று தாய்லாந்து வேலையாகச் சமூக ஊடகத்திலும் ஏஜென்ட்கள் மூலமும் விளம்பரம் வருகிறது, ஐ.டி. தெரிந்த இளைஞர்களைக் குறி வைக்கிறார்கள், அழைத்துப் போய்ச் சட்டவிரோதமாக எல்லை தாண்டவைத்து, பெரும்பாலும் மியான்மருக்குக் கொண்டுபோய் அடைத்துவைக்கிறார்கள் என்று. அங்கே செய்ய வைத்த வேலை ஆன்லைன் மோசடி. தாய்லாந்தின் மே சோட்டுக்கும் மியான்மரின் மியாவாடிக்கும் நடுவில் இருப்பது ஒரு ஆறுதான். அந்த அக்டோபரில் மீட்கப்பட்ட தமிழர்கள் 13 பேர் சென்னை வந்து சேர்ந்தார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது விசாதான். சுற்றுலா விசாவில் வா, வந்தபிறகு வேலை விசாவாக மாத்திக்கலாம் என்று ஒருவன் சொன்னால் அங்கேயே நின்றுவிட வேண்டும். அப்படிப் போகிறவனுக்குச் சட்டப்படி வேலை செய்யும் உரிமை முதல் நாளிலிருந்தே இல்லை, போலீசிடம் போகவும் பயம். மோசடிக்காரனுக்கு வேண்டியது அந்தப் பயம்தான். இப்போது "ரிமோட் ஒர்க் விசாவோட வேலையும் சேர்த்துத் தர்றோம், ஒன்றரை லட்சம் கட்டு" என்றால் என்ன பொருள்? வேலை அந்த நாட்டுக்குள்ளேயே என்றால் அந்த விசா செல்லாது. வேலை வெளியே என்றால் அதை நம் வீட்டிலிருந்தே செய்யலாமே, ஏன் அங்கே வரச் சொல்கிறான்?

வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட், 1983ஆம் ஆண்டு எமிகிரேஷன் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் என்று உச்சவரம்பு உண்டு. பதிவு பெற்றவர்களின் பட்டியல் மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் இருக்கிறது, செல்போனிலேயே பார்த்துவிடலாம். பட்டியலில் பெயர் இல்லையென்றால், "சொந்தக்காரர் மூலமா வந்தது, நம்பலாம்" என்று வீட்டில் சொன்னாலும் பணம் கட்டாதீர்கள். ஊரில் இந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் நகை அடகுக்குப் போகிறது.

வரி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால் இங்கே ரெசிடென்ட். தாய்லாந்தில் ஒரு காலண்டர் வருடத்தில் 180 நாள் இருந்தால் அங்கேயும் வரிக்கணக்கு தொடங்கும். டிடிவி கொடுக்கும் நாளும் அதே 180 என்பதைப் பார்த்தீர்களா! ஒரே சம்பளத்துக்கு இரண்டு தடவை வரி விழாமலிருக்க இந்தியா பல நாடுகளோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. தாய்லாந்து, மலேசியா, ஸ்பெயின் மூன்றும் அதில் உண்டு. கம்பெனியிடம் சொல்லாமல் போவதும் கூடாது. நீங்கள் அங்கே உட்கார்ந்தால் அந்த நாட்டு வரி அதிகாரி கம்பெனியையும் கேள்வி கேட்கலாம் என்பதால் பல கம்பெனிகள் எழுத்தில் அனுமதி இல்லாமல் விடுவதில்லை.

கடைசியாக, இப்போதே செய்யக்கூடிய வேலை ஒன்று. பாஸ்போர்ட் எடுக்காதவர்கள் எடுத்து வையுங்கள், தேனி மாவட்டத்துக்கு மதுரை பாஸ்போர்ட் அலுவலகம்தான். போகும்போது பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை மறக்காமல் கொண்டுபோங்கள். படிப்புச் சான்று காட்டாவிட்டால் 'எமிகிரேஷன் சரிபார்ப்பு தேவை' என்ற முத்திரை விழ வாய்ப்பு உண்டு. அந்த முத்திரையோடு வளைகுடா நாடுகள், மலேசியா, தாய்லாந்து உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதானால் எமிகிரேஷன் அலுவலகத்தில் தனியாக அனுமதி வாங்க வேண்டிவரும். பத்து பாஸ் ஆனவருக்கு அது தேவையில்லை, நாம் எல்லோரும் பத்து பாஸ்தான். ஒரிஜினல் ஹாஸ்டல் பெட்டியில் இருந்தால் இந்த லீவில் ஊருக்குப் போகும்போது எடுத்து பத்திரமாக வையுங்கள், போன மழையில் நனைந்துபோன மார்க் ஷீட்டுகளை நான் பார்த்திருக்கிறேன்.