கல்யாண வீடியோ: வேணுமா, வேணாமா?



தை பிறந்தால் வத்தேகமையிலிருந்து பன்வில, மடுல்கலைப் பக்கம் ஏறும் பாதை நெடுக ஒலிபெருக்கிச் சத்தந்தான். லயத்துக்கு லயம் பந்தல். அந்த நாட்களில் பெற்றோர் நம்மிடம் வந்து கேட்பதுண்டு: "ஐயா, வீடியோக்காரரைப் பேசணுமா, போட்டோ மட்டும் போதுமா? பேசாட்டி சம்பந்தி வீட்டுல என்ன நெனப்பாங்க?" இந்த மாதப் பாடத்தில் இதை நிதானமாக யோசிப்போம்.

படம் ஏன் வேண்டும்?

படம் எடுப்பதே வீண் செலவு என்று நாம் சொல்லமாட்டோம். 1875-ல் இலங்கைக்குக் குடிவந்த ஜூலியா மார்கரெட் கமரன் என்ற வெள்ளைக்கார அம்மா, 1879-ல் இங்கேயே இறக்கும்வரை நம் நாட்டு மக்களைப் படம் பிடித்தார். தோட்டத்தில் வேலை செய்தவர்களும் அதில் உண்டு. அந்தப் படங்கள் இன்று வெளிநாட்டு நூதனசாலைகளில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் பல படங்களில் நிற்பவர் யார் என்று பெயர் இல்லை. 1964-ல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்த பிறகு நம் சொந்தங்கள் லட்சக்கணக்கில் இந்தியாவுக்குப் போனார்கள். பிரிந்துபோன எத்தனையோ அண்ணன் தங்கைக்கு மிஞ்சியது ஒரு கறுப்பு வெள்ளைப் படந்தான். ஆகவே படம் வேண்டும். யார் எடுப்பது, என்ன விலைக்கு என்பதே கேள்வி.

நாம் கண்ட ஒரு கல்யாணம்

சில வருஷத்துக்கு முன் நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் தாயாரின் சங்கிலியை அடகு வைத்து வீடியோக்காரருக்கு முற்பணம் கொடுத்தார்கள். எழுத்தில் ஒன்றும் இல்லை. "ஒரு மாசத்துல தாரேன்" என்ற வாய்ப்பேச்சு மட்டும். வீடியோ கைக்கு வர ஏழு மாதம் ஆனது. அதற்குள் பெண்ணின் அம்மாயி காலமாகிவிட்டார். வீடியோவைப் போட்டுப் பார்த்தால், அம்மாயி பெண்ணின் தலையில் கைவைத்து வாழ்த்தும் காட்சி இருக்கிறது, குரல் இல்லை. அந்த இடத்தில் சினிமாப் பாட்டை ஏற்றிவிட்டார்கள். கடைசியில் அந்தக் குரல் கிடைத்தது ஒரு சின்னப் பையனின் போனில். படம் ஆடுகிறது, பாதி ஆளை மறைக்கிறது. ஆனாலும் "மகராசியா இரு தாயி" என்பது தெளிவாகக் கேட்கிறது. வீட்டார் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது அதைத்தான். சங்கிலியை மீட்க இன்னும் ஒரு வருஷம் ஆனது.

அந்த வீட்டிலிருந்து நாம் படித்த பாடங்கள் இவை.

1. முதலில் எழுத்து, பிறகு படம்

சிலர் வீடியோவுக்குக் காசு கட்டிவிட்டு, கல்யாணத்தைப் பதியாமல் விட்டுவிடுகிறார்கள். வீடியோவைக் காட்டிக் கணவரின் சேமலாப நிதியை வாங்க முடியாது. விவாகச் சான்றிதழ்தான் பேசும். மணமக்கள் இருவருக்கும் 18 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதையும் மறக்கவேண்டாம்.

2. காசைப் பேரில் எண்ணிப் பாருங்கள்

2024 செப்டம்பரில் நாட்சம்பளம் 1350 ரூபா ஆனது. அதில் சேமலாப நிதிக்கு 8 சதவீதம், அதாவது 108 ரூபா போனால் மீதி 1242 ரூபா. வீடியோக்காரர் 60,000 ரூபா கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 49 பேர் போடவேண்டும். சாப்பாடு, கடைக்கடன் எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்த கணக்கு இது. சம்பளம் கூடினாலும் கணக்குப் போடும் முறை இதுதான். சீட்டுக்காசோ சேமிப்போ கையில் இருந்தால் தாராளமாகப் பேசுங்கள். அடகோ வட்டியோ என்றால் வேண்டாம். சம்பந்தி வீட்டார் ஒரு நாள் பார்ப்பார்கள், வட்டியை நாம் மாதாமாதம் பார்க்கவேண்டும்.

3. பேசினால் எழுதி வாங்குங்கள்

மொத்தத் தொகை எவ்வளவு, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை, போக்குவரத்துச் செலவு யாருடையது, எந்தத் திகதியில் தருவார், எத்தனை பிரதி என்பவை தாளில் இருக்கவேண்டும். முற்பணத்துக்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். பாட்டு ஏற்றாத முழுப் படத்தையும் தனியாகத் தரவேண்டும் என்று சொல்லுங்கள். நம் பெண்பிள்ளைகளின் படத்தைக் கேட்காமல் முகநூலில் போடக்கூடாது என்றும் எழுதுங்கள். முழுநாள் கட்டாயமில்லை. தாலி கட்டும் நேரத்துக்கு மட்டும் பேசினால் செலவு குறையும்.

4. பேசாவிட்டால் நம் பிள்ளைகளே போதும்

நிதானமான இரண்டு பிள்ளைகளிடம் பொறுப்பைக் கொடுங்கள். முதல்நாளே போனில் இடத்தைக் காலியாக்கி, முழுக்க சார்ஜ் ஏற்றி வைக்கட்டும். படம் பிடிக்கும்போது அழைப்பு வராதபடி விமானப் பயன்முறையில் போடட்டும். போனைக் குறுக்காகப் பிடித்து, வெளிச்சத்தைத் தங்கள் முதுகுப் பக்கம் வைத்துக்கொள்ளட்டும். தாலி கட்டும்போது ஓடித்திரியாமல் ஓரிடத்தில் நிற்கவேண்டும். பெரியவர்கள் வாழ்த்தும்போது கிட்டப்போய்க் குரலைப் பிடிக்கவேண்டும்.

5. ஒன்றை இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள்

அந்தக் காலத்து வீடியோ கசட் நம் மலைநாட்டு ஈரத்தில் பூஞ்சணம் பிடித்துப் போனது. மிஞ்சியதைப் போட்டுப் பார்க்க டெக்கும் இல்லை. டெக் செய்துவந்த கடைசிக் கம்பனியான ஜப்பானின் ஃபுனாய், 2016-ல் அதை நிறுத்திவிட்டது. 2025 நவம்பர் டித்வா புயலில் கண்டி மாவட்டத்தில் மண்சரிவு வந்தபோது எத்தனையோ வீடுகள் சாமானோடு புதைந்தன. ஆகவே கல்யாணத்தன்று இரவே படத்தைப் பென் டிரைவில் ஏற்றி, ஒன்றை வீட்டிலும் ஒன்றை வேறு ஊர்ச் சொந்தத்திடமும் வையுங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தெளிவு குறையும், ஆவணமாக அனுப்புங்கள். படத்தில் இருப்பவர்களின் பெயர், முறை, திகதி, தோட்டம், டிவிஷன் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூடவே வையுங்கள். நம் பேரப்பிள்ளைகள் "இது யாரு?" என்று கேட்டால் பதில் இருக்கவேண்டும்.

கூடிப் பேசுவோம்

அ. உங்கள் வீட்டில் இருக்கும் மிகப் பழைய படம் எது? அதில் இருப்பவர்களின் பெயர் தெரியுமா?

ஆ. ஒரு வீடியோவின் விலைக்கு எத்தனை பேர் போடவேண்டும் என்று பிள்ளைகளைக் கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இ. வீட்டுப் பெரியவர்களின் குரலைப் பதிந்து வைக்கக் கல்யாணம் வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

கடைசிக் கேள்விக்கு நம்முடைய பதில்: வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே பதியுங்கள். அதற்குக் காசு செலவில்லை.