முன் சக்கரத்தில் மூன்று அழுக்கு

"அண்ணாச்சி, இது சோப்புக்கு அசையாது. லேசா ஆசிட் தொட்டு விட்டா பளபளன்னு வந்துரும்" என்றான் வாட்டர் சர்வீஸ் பையன். சரி என்று தலையாட்டியது நான்தான். அவனைக் குறை சொல்லி என்ன ஆகப் போகிறது? கக்கூஸ் கழுவுகிற அதே ஆசிட். சக்கரத்தில் இருந்த கறுப்பு ஒரே தேய்ப்பில் போனது உண்மை. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் நட்டு ஓட்டைகளைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. அதற்கு நாலு மாதம் முன்னால்தான் நான்கு அலாய் வீலுக்கும் செராமிக் கோட்டிங் போட்டிருந்தேன். கோட்டிங்கையும் அதற்கடியில் இருந்த வார்னிஷையும் அரித்துவிட்டு ஆசிட் அலுமினியத்தையே தொட்டிருந்தது.

கோட்டிங் போட்டுவிட்டால் அழுக்கே ஒட்டாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியெல்லாம் இல்லை. பிரேக் மிதிக்கும்போது பேடும் வார்ப்பிரும்பு டிஸ்க்கும் உரசித் தேய்கின்றன. அந்த இரும்புத் துகள் சூடாகப் பறந்து வந்து ரிம்மில் உட்காருகிறது. பேடில் இருக்கும் பிசினும் கூடச் சேர்ந்துகொள்கிறது. பிறகு ஈரம் பட்டதும் இரும்பு துருப்பிடித்து, கோட்டிங்கின் மேல் சிறு சிறு முள்ளாகப் பிடித்துக்கொள்கிறது. தண்ணீர் முத்து முத்தாக உருளாமல் தட்டையாகப் படர்ந்தால், கோட்டிங் போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். பெரும்பாலும் அது அழுக்கில் மூடிக்கிடக்கிறது, அவ்வளவுதான்.

பிரேக்கின் பாரம் பெரும்பகுதி முன் சக்கரத்துக்குத்தான். என் காரில் பின்னால் டிரம் பிரேக். தூள் பெரும்பாலும் டிரம்முக்குள்ளேயே கிடக்கும். அதனால் பின் சக்கரத்தைப் பார்த்துத் திருப்திப்படுவதில் அர்த்தமில்லை. 2024-இல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த யூரோ 7 விதியில் முதன்முறையாகப் பிரேக் தூளுக்கும் வரம்பு வைத்திருக்கிறார்கள்: சாதாரண பெட்ரோல், டீசல் கார்களுக்குக் கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம், மின்சாரக் காருக்கு 3. அந்த 7-ஐ வைத்தே கணக்குப் போட்டால் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு 70 கிராம். ஒரு சின்னக் கடலைமிட்டாய்ப் பாக்கெட் எடை. அதில் ஒரு பங்குதான் ரிம்மில் நிற்கும் என்றாலும், படிந்திருப்பது என்ன என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆனால் எங்கள் கோவில்பட்டிப் பக்கம் சக்கரத்தில் இருக்கும் கறுப்பு எல்லாமே பிரேக் தூள் இல்லை. கரிசல் புழுதியும் கறுப்புத்தான். ஆனி, ஆடிக் காற்றில் கயத்தாறுக் காற்றாலைகள் சுற்றுகிற சுற்றில், நிறுத்தி வைத்த வண்டி மேலேயும் மாவு சலித்த மாதிரி படியும். ஐப்பசி மழையில் அதுவே களிம்பு. எட்டயபுரம் பக்கம் ஒரு காட்டுப் பாதையில் போய்விட்டு வந்த மறுநாள், நாலுவழிச் சாலையில் எண்பதைத் தொட்டதும் ஸ்டியரிங் நடுங்கியது. அலைன்மென்ட் போய்விட்டது என்று பயந்து நிறுத்திக் குனிந்து பார்த்தால், ரிம்மின் உட்பக்கம் ஒரே இடத்தில் கரிசல் கட்டி காய்ந்து ஒட்டியிருந்தது. குச்சியால் குத்தி எடுத்ததும் நடுக்கம் நின்றது. வெளியே மின்னுகிற வீலுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

மூன்றாவது அழுக்கு, தண்ணீரே. போர்த் தண்ணீர் எங்கள் தெருவில் உப்பு. சக்கரத்தைக் கழுவி வெயிலில் விட்டால் ஒவ்வொரு துளியும் காய்ந்து வட்டமாகச் சுண்ணாம்புப் புள்ளி வைக்கும். செராமிக் கோட்டிங்கில் தண்ணீர் துளித்துளியாக நிற்பதால் அந்தப் புள்ளி இன்னும் அழுத்தமாக விழும். என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்தில் கோட்டிங்கைக் கெடுப்பதில் பிரேக்குக்கு முன்னால் போர்த் தண்ணீரைத்தான் சொல்வேன்.

மண், இரும்பு, உப்பு. மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது. வரிசையும் மாறக் கூடாது. இதைத்தான் நான் ஆசிடுக்குக் கொடுத்த காசில் கற்றேன்.

கழுவுவது காலையில், நிழலில், வீல் ஆறின பிறகு. புறங்கையை ரிம்மில் வைத்தால் சூடே தெரியக் கூடாது. ஒருமுறை கொடைக்கானலில் இருந்து இறங்கிய கையோடு அடிவாரத்தில் தண்ணீர் அடிக்கச் சொன்னேன். சுட்டுக் கிடந்த டிஸ்க்கில் சீறிக்கொண்டு ஆவி எழுந்தது. டிஸ்க் கோணாமல் தப்பியது என் அதிர்ஷ்டம். முதலில் வெறும் தண்ணீர், வேகமாக, உட்பக்கமும் சேர்த்து. கரிசலைக் காய்ந்தபடியே துணியால் துடைத்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கதைதான். நன்றாக ஊற விட்டு, கார் ஷாம்பூ, மென்மையான பிரஷ். வீலுக்கென்று தனி வாளி, தனித் துணி. அதே துணி கதவுக்குப் போனால் கதவில் கோடு விழும்.

அதற்குப் பிறகும் பழுப்பாக நிற்பதுதான் இரும்பு. அதற்கு அயர்ன் ரிமூவர். ஆசிட் கலக்காதது, நடுநிலை என்று புட்டியில் போட்டிருக்க வேண்டும். உள்ளே இருப்பது தயோகிளைகோலேட் வகை உப்பு. முடி நீக்கும் கிரீமில் இருக்கும் அதே குடும்பம். நாற்றமும் அழுகிய முட்டைதான், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அடித்த சில நிமிஷத்தில் இரும்பு இருக்கிற இடமெல்லாம் கத்தரிப்பூ நிறத்தில் வழியும். முதல் தடவை அதைப் பார்த்த என் மகள், வண்டிக்கு அடிபட்டுவிட்டது என்று வீட்டுக்குள் ஓடினாள். காந்தம் வைத்துப் பார்க்கலாமே என்று தோன்றும். கரிசல் மண்ணிலும் கொஞ்சம் காந்தத் துகள் உண்டு என்பதால் அதை நம்ப முடியாது. நிறம் மாறுவதுதான் சாட்சி.

மருந்து காயக் கூடாது. காற்றுக்காலத்தில் புட்டியில் ஐந்து நிமிஷம் என்று போட்டிருந்தால் நான் மூன்றிலேயே கழுவிவிடுவேன், ஒவ்வொரு சக்கரமாக. நட்டு ஓட்டைக்குப் பழைய பல்துலக்கி போதும். இரண்டாவது முறை அடித்தும் நிறம் மாறவில்லை, ஆனால் கறை நிற்கிறது என்றால் அது இரும்பில்லை; தாராகவோ உப்பாகவோ இருக்கும். தாருக்குத் துணியில் தொட்ட தேங்காய் எண்ணெய், பிறகு ஷாம்பூ. உப்புப் புள்ளிக்கு வினிகரில் சம அளவு தண்ணீர், ஒரு நிமிஷத்துக்கு மேல் வைக்காமல். எண்ணெயோ டயர் பாலிஷோ டிஸ்க்கில் மட்டும் பட்டுவிடக் கூடாது.

கடைசி அலசலுக்குத்தான் நான் கண்டுபிடித்த வழி. ஏசியில் இருந்து சொட்டும் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து வைக்கிறேன். உப்பே கிடையாது. காற்று வறண்டிருக்கும்போது ஒரு ராத்திரிக்குக் கால் வாளி தேறினால் பெரிது. நான்கு வீலுக்கு அது போதும். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரைப் பிடித்து ஊற்றிவிடாதீர்கள், அதில் உப்பு இன்னும் அதிகம். துடைத்து முடித்ததும் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி நாலு தடவை பிரேக் மிதித்து டிஸ்க்கை உலர்த்திவிட வேண்டும்.

இவ்வளவு செய்தும் இடது முன் சக்கரம் மட்டும் நாலே நாளில் மறுபடி கறுத்தது. பேட் கம்பெனியை மாற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மெக்கானிக் வீலைக் கழற்றி, காலிப்பர் நகர வேண்டிய பின்னைக் காட்டினார். புழுதியும் துருவும் சேர்ந்து இறுகி, காலை எடுத்த பிறகும் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. சுத்தம் செய்து கிரீஸ் வைத்தார். "மைலேஜ் குறைஞ்சிருக்குமே அண்ணாச்சி, பார்க்கலியா?" என்றார். பார்க்கவில்லை. ஒரு பக்கம் மட்டும் அதிகமாகக் கறுத்தால் இப்போது மருந்துப் புட்டியைத் தேடுவதற்கு முன்னால் ரெண்டு பக்கச் சூட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

ஆசிட் தின்ற இடங்களுக்குச் செய்ய வேறொன்றுமில்லை. மறுபடி பெயின்ட் அடித்துத்தான் ஆக வேண்டும். போன மாதம் அதே வாட்டர் சர்வீஸில் வண்டியை விட்டேன். பையன் ஞாபகம் வைத்திருந்தான்.

"வீலைத் தொடவா, வேண்டாமா அண்ணாச்சி?"

"தண்ணி மட்டும் அடிப்பா. உள்பக்கம் நல்லா அடி. முடிச்சுட்டுக் காத்தடிச்சு விட்டுரு."

ஏசித் தண்ணீர் டிக்கியில் இருந்தது.