சரிவுத் தோட்டத்துக்குக் கல்பாதையும் படியும்



சரிவு நிலத்தில் மண் அரிப்பு பெரும்பாலும் நாம் நடக்கிற ஒத்தையடிப் பாதையில்தான் தொடங்குது. கால் பட்டு இறுகின மண்ணுல தண்ணி இறங்காது. ஐப்பசி அடைமழையில் அதுவே ஓடையா மாறி, நாம சேர்த்து வச்ச மேல்மண்ணை அள்ளிக்கிட்டுப் போயிடும். எருக்கூடை சுமந்து வர்ற பெண்கள் வழுக்கி விழுறதும் அங்கேதான்.

சேர்வராயன் மலையடிவாரத்தில் உள்ள எங்கள் தோட்டத்தில் சிமெண்ட் இல்லாமல் கல்பாதை போட்ட முறையைச் சொல்றேன். சிமெண்ட் தளத்தில் மழைநீர் மேலேயே ஓடி, ஓரத்து மண்ணை அரிக்கும். அடியில் பொந்து விழுந்து தளம் வெடிக்கும். மணலில் பதிச்ச கல்லுன்னா இடுக்கு வழியா நீர் இறங்கும். ஒரு கல் தாழ்ந்தாலும் பெயர்த்து மறுபடி வச்சுக்கலாம்.

அளவு எடுத்தல்

பாதையை நேரா கீழே இறக்காம, சரிவுக்குக் குறுக்கே கொண்டு போங்க. செங்குத்தான இடத்தில் மட்டும் படி போதும். உயரத்தை டியூப் லெவல் பிடிச்சு அளக்கணும். எங்களுக்கு 4 அடி, அதாவது 48 அங்குலம். படிக்கு 6 அங்குல உயரம் வச்சால் 8 படி. மிதிக்கிற அகலம் 14 அங்குலம். ஆக, 9 அடி 4 அங்குல நீளம் வேணும். எல்லாப் படியும் ஒரே உயரமா இருக்கணும். ஒண்ணு கொஞ்சம் கூடினாலும் சுமையோட வர்றவங்களுக்குக் கால் தட்டும்.

பாதை

3 அடி அகலத்தில் 7 அங்குல ஆழம் தோண்டுங்க. வெட்டின மேல்மண் பாத்திக்குப் போகட்டும். 4 அங்குலம் ஜல்லி கொட்டி, திமிசுக்கட்டையால் நல்லா இடிங்க. மேலே 1 அங்குலம் மணல், அதன்மேல் 2 அங்குலக் கருங்கல் பலகை. கொட்டாப்புளியால் தட்டி உட்கார வையுங்க. 3 அடி அகலத்துக்குப் பக்கவாட்டில் முக்கால் அங்குலம் சாய்வு விட்டால் தண்ணி பாத்திக்கு வடியும்.

படி

கீழிருந்து மேலாகத்தான் வைக்கணும். முதல் படிக்கு மட்டும் 8 அங்குலக் கனமுள்ள கல். அதில் 2 அங்குலம் மண்ணுக்குள் போகும். பாதைக் கல் அதுக்கு முட்டுக் கொடுக்கும். மற்றதுக்கு 6 அங்குலக் கனம், 16 அங்குல அகலம். மேல்படி, கீழ்ப்படியின் பின்பக்கத்தில் 2 அங்குலம் ஏறி உட்காரணும். ஒவ்வொரு கல்லுக்குப் பின்னாலும் ஜல்லியை இடிச்சு நிரப்பிட்டுத்தான் அடுத்த கல். முன்பக்கம் கால் அங்குலம் சாய்வு இருந்தால் தண்ணி தேங்காது, பாசி பிடிக்காது.

3 அடி நீளக் கல் ஒன்று சுமார் 150 கிலோ வரும். ஒன்றரை அடித் துண்டுகளா வெட்டி வாங்கினால் நம்ம ஆட்களே கடப்பாரை போட்டு நகர்த்திடலாம்.

படியின் இரு ஓரமும் அரை அடிக்கு ஒரு வெட்டிவேர் நாற்று நடுங்க. அதன் வேர் நேரா கீழே இறங்கி மண்ணைப் பிடிக்கும், கல்லைத் தூக்காது. படிக்கு மேலே குறுக்காக ஒரு வாய்க்கால் வெட்டி, வர்ற தண்ணியை மரத்தடிக்குத் திருப்பிடுங்க.

ஆவணிக்குள் வேலையை முடிச்சுடுங்க. முதல் மழை பெய்யும்போதே குடையோட போய்ப் பாருங்க. பாதையில் செம்மண் கலங்கலா தண்ணி வந்தால், கல்லைக் குறை சொல்லாம மேலே போய் வரப்பைப் பாருங்க. எங்கேயோ உடைஞ்சிருக்கும்.