கார் கடிகாரத்தில் எல்.இ.டி. மாற்றுவது எப்படி?

உங்கள் கம்ப்யூட்டர் கேபினட்டின் முகப்பில், பவர் பட்டனை அழுத்தியதும் ஒளிரும் சிறு விளக்கு எல்.இ.டி. வகையைச் சேர்ந்தது. பல கார்களின் டேஷ்போர்டு கடிகாரத்திலும் எண்களுக்குப் பின்னால் ஒளி தருவது இதே வகை விளக்குதான். ஆனால் அது அரிசியளவில், போர்டின் மேலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும்.

என் பழைய காரின் கடிகாரத்தில் பகலில் நேரம் தெளிவாகத் தெரிந்தது. இரவில் ஒன்றும் தெரியவில்லை. டேஷ்போர்டின் மற்ற விளக்குகள் எரிந்தன. அப்படியென்றால் கடிகாரம் நன்றாக இருக்கிறது, பின்னொளிதான் போய்விட்டது என்று பொருள். சில ரூபாய் எல்.இ.டி.க்காக முழுக் கடிகாரத்தையும் மாற்ற வேண்டியதில்லை.

தேவையானவை: 25 வாட் சால்டரிங் அயர்ன், மெல்லிய சால்டர் கம்பி, பிளக்ஸ், டீசால்டரிங் விக், ட்வீசர், மல்டிமீட்டர்.

1. காரை நிறுத்தி, பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றுங்கள். சில கார் ஸ்டீரியோக்கள் பேட்டரியைத் திரும்ப இணைத்ததும் கோட் எண் கேட்கும். அதை முன்பே தேடி எடுத்து வையுங்கள். கடிகாரம் ஏர்பேக் அருகே இருந்தால் கழற்றும் வேலையை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

2. மல்டிமீட்டரை டயோடு சோதனைக்கு மாற்றி, ஒவ்வொரு எல்.இ.டி.யின் இரு முனைகளிலும் வையுங்கள். சிவப்பு வயர் பாசிட்டிவ் முனையில் இருக்க வேண்டும். நல்ல எல்.இ.டி. மங்கலாக ஒளிரும். என் கடிகாரத்தில் மூன்று எல்.இ.டி.க்கள் தொடர் இணைப்பில் இருந்தன. பழுதானது ஒன்றுதான். ஆனால் மின்சாரம் செல்லும் பாதை அறுந்ததால் மூன்றும் அணைந்துவிட்டன.

3. பழைய எல்.இ.டி.யின் எந்த மூலை வெட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்து, காகிதத்தில் வரைந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் அதுவே நெகட்டிவ் பக்கம். திருப்பி வைத்தால் எரியாது.

4. இரு முனைகளிலும் சிறிது புதிய சால்டர் வைத்து, மாறி மாறிச் சூடாக்குங்கள். இரண்டும் உருகியதும் ட்வீசரால் நகர்த்துங்கள். பலமாக இழுத்தால் போர்டிலுள்ள செம்புத் தடம் பெயர்ந்துவிடும்.

5. பழைய சால்டரை விக் கொண்டு நீக்குங்கள். பிளக்ஸ் தடவி, புதிய எல்.இ.டி.யை வைத்து, ஒரு முனையை முதலில் பிடிக்கவையுங்கள். பிறகு மறுமுனை. ஒரு முனையில் 3 நொடிக்கு மேல் அயர்னை வைக்காதீர்கள்.

நிறம் மாற்றலாமா?

இங்குதான் கணக்கு தேவை. இன்ஜின் ஓடும்போது காரில் சுமார் 14 வோல்ட் இருக்கும். ஆம்பர் எல்.இ.டி. ஒன்றுக்கு 2 வோல்ட், மூன்றுக்கு 6. மீதி 8 வோல்ட்டை ரெசிஸ்டர் ஏற்கிறது. அது 470 ஓம் என்றால் மின்னோட்டம் 17 மில்லி ஆம்பியர். வெள்ளை எல்.இ.டி.க்கு 3 வோல்ட் வேண்டும். மூன்றுக்கு 9 போனால் மீதி 5 வோல்ட்தான். மின்னோட்டம் 11 மில்லி ஆம்பியருக்கும் கீழே வந்துவிடும். வெளிச்சம் கூட வேண்டும் என்று ரெசிஸ்டரை நீக்கிவிடாதீர்கள், எல்.இ.டி. கருகிவிடும். நான் அதே நிறத்தையே வாங்கி, வெளிச்சம் சீராக இருக்க மூன்றையும் மாற்றினேன்.

மூடுவதற்கு முன் பேட்டரியை இணைத்து, ஹெட்லைட் போட்டுப் பாருங்கள். ஒளிர்ந்தால் மட்டும் ஸ்குரூக்களை முடுக்குங்கள்.