தவளைக்கும் பறவைக்கும் ஒரே விஷம்!

கொலம்பியாவின் பசிபிக் கடலோர மழைக்காட்டில் வாழ்வது தங்க விஷத் தவளை. சுமார் 5 செ.மீ. நீளம்தான். எம்பெரா பழங்குடியினர் ஊதுகுழல் அம்பின் நுனியை இதன் முதுகில் தேய்த்து வேட்டைக்குப் போவாங்க.

கடலைத் தாண்டி நியூ கினியா தீவுக்கு வாங்க. அங்கே கறுப்புத் தலையும் ஆரஞ்சு உடம்புமா பிடோஹூய் என்ற பாடும் பறவை. 1989-ல் ஜாக் டம்பாக்கர் என்ற இளம் ஆய்வாளர் வலையில் சிக்கிய பறவையை எடுக்கும்போது அது கையைக் கீறிடுச்சு. விரலை வாயில் வைத்தார், நாக்கு மரத்துப்போச்சு! 1992-ல் வந்த ஆய்வு, தவளையில் இருக்கும் பட்ராகோடாக்சின் வகை விஷம்தான் இதிலும்னு சொன்னது.

என்ன செய்யும்?

நரம்பு செல்லில் சோடியம் சேனல் ஒரு ஸ்விட்ச் மாதிரி. திறக்கும், சிக்னல் போகும், மூடும். இந்த விஷம் அதை மூடவே விடாது. எப்பவும் ஆன்! இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்னுடும்.

வித்தியாசம் எங்கே?

அளவில். ஒரு தவளையில் சுமார் 1 மில்லிகிராம் இருக்கலாம். பறவையிலோ சுமார் 20 மைக்ரோகிராம், அதுவும் தோலிலும் இறகிலும். தவளை ஆளையே கொல்லும். பறவையைத் தொட்டால் எரிச்சல், தும்மல், மரத்துப்போதல். தோலை உரிக்காமல் சாப்பிட முடியாததால் உள்ளூர்க்காரங்க அதை 'குப்பைப் பறவை'ன்னு சொல்வாங்க.

எப்படி ஒரே விஷம்?

ரெண்டும் சொந்தமா? இல்லை. இரண்டின் வம்சமும் 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிஞ்சாச்சு. விடை சாப்பாட்டில் இருக்கு. பிடோஹூய் தின்னும் ஒரு குட்டி வண்டில் இதே விஷம் இருப்பது 2004-ல் தெரிந்தது. தவளைக்கும் காட்டு இரையில் இருந்துதான் கிடைக்குதுன்னு நம்புறாங்க. காரணம், கண்ணாடித் தொட்டியில் பிறந்து வளரும் தவளைக்கு விஷமே கிடையாது.

சொந்த விஷத்தில் ஏன் சாகலை?

சேனலே மாறியிருக்கும்னு பலர் நினைச்சாங்க. 2021-ல் சோதித்தால், இரண்டின் சேனலும் விஷத்துக்கு மசியுது! அப்போ உடம்பில் ஏதோ ஒன்று விஷத்தைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைக்கணும் என்பது இப்போதைய கணிப்பு.

அவுட்புட் ஒண்ணுன்னா சர்க்யூட்டும் ஒண்ணுன்னு முடிவு கட்டாதீங்க. இன்புட் எங்கிருந்து வருதுன்னு முதல்ல பாருங்க. தவளையைக் காப்பாத்தி, அது வாழும் காட்டை விட்டுட்டா, மிஞ்சுவது விஷமில்லாத ஒரு மஞ்சள் தவளை மட்டும்தான்.