பழக்கமா? பரம்பரையா?

ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் தொழிற்கூடங்களுக்குப் பச்சைத் தோல் உப்பிடப்பட்டு வருவதை நெமிலிப் பக்கத்து மாணவர்கள் அறிவீர்கள். உப்பு தோலை அழுகவிடாது. அதில் நுண்ணுயிர்கள் பெருகுவது கடினம். ஆனால் உப்பு விளையும் இடத்திலேயே ஓர் உயிர் செழித்து வாழ்கிறது!

தூத்துக்குடி உப்பளப் பாத்திகளில் காணப்படும் ஆர்ட்டீமியாதான் அது. ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ளது. இறால், நண்டு ஆகியவற்றைப் போல ஓட்டுடலி இனத்தைச் சேர்ந்தது. இதன் உலர்ந்த முட்டைகள் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடந்து, தக்க உப்புநீரில் இட்டால் ஒன்றிரண்டு நாளில் பொரிக்கும். கோடையில் பாத்தி நீர் சூடேறும்போது இது எவ்வாறு பிழைக்கிறது?

இருவகைத் தாங்குதிறன்

உதகையிலிருந்து மே மாதம் நெமிலிக்கு வருபவர் முதலில் தவிப்பார். இரண்டு வாரத்தில் ஓரளவு பழகிவிடுவார். இது பழக்கம். அவர் உடல் பழகியதால் மட்டும் அவர் பிள்ளைக்கு அத்திறன் வந்துவிடாது. மரபணுக்களின் வழியே தலைமுறைதோறும் இறங்கி வரும் தாங்குதிறன் வேறு, அது பரம்பரை.

இரண்டையும் பிரித்தறிய எளிய வழியுண்டு. வெவ்வேறு இடத்து உயிர்களை ஒரே நீரில், ஒரே வெப்பநிலையில், சில தலைமுறைகள் வளர்க்க வேண்டும். பிறகும் வேறுபாடு நீடித்தால் அது பரம்பரையே.

வியட்நாமில் கண்டது

அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ விரிகுடா ஆர்ட்டீமியாவை, வெப்பம் மிகுந்த வியட்நாம் உப்பளங்களில் விட்டார்கள். அங்கே அவை இட்ட முட்டைகளைச் சோதனைக்கூடத்தில் பொரிக்கச் செய்து, அமெரிக்க முட்டைகளில் பிறந்தவற்றோடு ஒப்பிட்டார்கள். வியட்நாம் வழி வந்தவை கூடுதல் வெப்பம் தாங்கின. இம்முடிவு 2001-இல் வெளிவந்தது. தாங்காதவை மடிய, தாங்கியவை இனம் பெருக்கின என்பதே இதற்குரிய விளக்கம். இதுவே இயற்கைத் தேர்வு.

வெந்த முட்டையின் வெள்ளைக்கரு உறைவது போல, கடும் வெப்பம் உயிரணுக்களின் புரதங்களை உருக்குலைக்கும். அவற்றைக் காக்கும் துணைப்புரதங்களும் ஆர்ட்டீமியாவின் உடலில் உண்டு.

எல்லையும் உண்டு

அப்படியானால் கடல் சூடேறினாலும் கவலையில்லையா? அவசரப்பட வேண்டாம்.

வட அமெரிக்காவின் பசிபிக் கரைப் பாறைக் குட்டைகளில் டைக்ரியோப்பஸ் என்னும் மிகச் சிறிய ஓட்டுடலி வாழ்கிறது. தெற்கே உள்ளவை வடக்கே உள்ளவற்றைவிட அதிக வெப்பம் தாங்கும். சோதனைக்கூடத்தில் ஒரே சூழலில் வளர்த்தபோதும் இவ்வேறுபாடு நீடித்தது. பின்னர், வெப்பம் தாங்கியவற்றை மட்டும் தேர்ந்தெடுத்துப் பத்துத் தலைமுறைகள் பெருக்கினார்கள். கிடைத்த உயர்வு சராசரியாக ஏறக்குறைய அரை டிகிரி செல்சியசே! 2012-இல் வெளியான ஆய்வு இது.

காரணம் என்ன? குட்டைக்குக் குட்டை கலப்பு அரிது. ஒவ்வொரு கூட்டத்திலும் மரபு வேறுபாடு குறைவு. இயற்கைத் தேர்வு புதிதாக எதையும் படைப்பதில்லை, இருப்பவற்றிலிருந்தே பொறுக்குகிறது. பொறுக்க வகையில்லாத கூட்டம், நீர் சூடேறும்போது அழிவை நெருங்கும். ஆகவே ஓரினத்தைக் காப்பதென்றால் அதன் பல்வேறு வகைகளையும் காப்பதென்று பொருள்.

சிந்தியுங்கள்

1. தூத்துக்குடியின் பழைய ஆர்ட்டீமியா வகையில் பெண்களே ஆணின்றி இனம் பெருக்கும். இது மரபு வேறுபாட்டைக் கூட்டுமா, குறைக்குமா?
2. ஒப்பிடும் இரு கூட்டங்களையும் ஒரே தலைமுறை மட்டும் வளர்த்துப் பார்த்தால் போதாது. ஏன்?